காதில் விழாத கேள்வி

கம்பியின் ஒரு முனையைக் கம்ப்ரசரின் வால்வு மூடியின் மேல் ஊன்றி, மறுமுனையைக் கட்டைவிரலால் பொத்தி, கட்டைவிரலைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அப்படி மூடினால்தான் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வருகிறது என்று எப்போதோ கண்டுகொண்டேன், அதிலிருந்து மூடுகிறேன். மில்லின் அந்தப் பக்கம் உமி தள்ளுகிற இயந்திரமும் பாலிஷ் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் இரைச்சல் செருப்பு வழியாகக் காலில் ஏறுகிறது. பக்கத்தில் மில் முதலாளி ராசப்பன் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து யாரையோ பேசாதே என்று அதட்டுவதை, மூடியும் மூடாத இமை வழியாகப் பார்க்கிறேன். என் காதுக்காக அவர் மற்றவர்கள் வாயை மூடுகிறார். கம்பி வழியாக வருவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தடம், தடம், தடம் மட்டும்தான். அது காதில் கேட்பதுகூட இல்லை, எலும்பில் இடிப்பது. அதற்கு மேலே, மெல்லிசாக, வால்வுத் தகடு இருக்கையில் போய் உட்காரும்போது ஒரு 'டிக்' வர வேண்டும். நல்ல வால்வு என்றால் அந்த டிக் சுத்தமாக இருக்கும், நகத்தால் எவர்சில்வர் டம்ளரைச் சுண்டின மாதிரி. தகடு விரிசல் விட்டிருந்தால் டிக்கோடு ஒரு கரகரப்பு சேரும். மூடாமல் ஒழுகினால் 'ஸ்ஸ்' என்று ஒரு இழை, மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல. இதையெல்லாம் நான் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். காங்கேயத்தில் அரிசி மில் வைத்திருக்கிற எல்லோருக்கும் சென்னியப்பன் காது தெரியும். மெஷினைக் கழட்டாமலே எந்த வால்வு என்று சொல்லிவிடுவாரு என்பார்கள். டிக் வரவில்லை. கம்பியை நகர்த்தி அடுத்த மூடியில் வைக்கிறேன். தடம், தடம். டிக் எங்கே? வந்துகொண்டுதான் இருக்கும், வந்து என் காதுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். நான் தலையை மெல்ல ஆட்டுகிறேன், ஏதோ பிடிபட்டதுபோல. இந்தத் தலை இருக்கிறதே, அது நானாக ஆட்டுவதில்லை. அதுவாக ஆடப் பழகிவிட்டது.

"என்னங்க, புடிபட்டுதுங்களா?" என்று ராசப்பன் கேட்கிறார். அவர் உதடு தடிப்பானது, மீசை கிடையாது, அதனால் அவர் பேச்சு எனக்குத் தெளிவு. மீசைக்காரர்களோடுதான் பெரும்பாடு. "இன்னொருவாட்டி பாத்துக்கறனுங்க" என்கிறேன். கலர் சார்ட்டர் நின்றுபோய்க் கிடக்கிறது. அரிசி சரிந்து வரும்போது கறுப்பு அரிசியைக் கண்ணாடிக் கண் கண்டுபிடிக்கும், கண்டதும் ஒரு ஊசித்துளை வழியாகக் காற்று அடித்து அந்த ஒரு அரிசியை மட்டும் தட்டிவிடும். அந்தக் காற்றைக் கொடுக்கிறது இந்தக் கம்ப்ரசர். காலையிலிருந்து அழுத்தம் ஏறவில்லை, சிலிண்டர் தலை கொதிக்கிறது, கறுப்பு அரிசி வெள்ளையோடு சேர்ந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சார்ட்டரைப் பார்த்துக்கொள்கிற பூங்கோதைதான் நிறுத்தச் சொன்னாளாம். அவள் இப்போது கதவோரம் கம்ப்ரசரின் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கம் நிற்கிறாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் தவிட்டுத் தூள். வாயைத் திறந்து ஏதோ கேட்கிறாள். நான் சிரிக்கிறேன். இது இரண்டாவது பழக்கம். தலை ஆடும், அது போதவில்லை என்றால் வாய் சிரிக்கும். பக்கத்தில் ஸ்பேனர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் கையாள் யாகூப் தலை நிமிர்த்தி, "என்னங்கக்கா, சீத்துச் சீத்துனு ஒரு சத்தம் வருதே, அது எங்கிருந்துனு கேக்கறீங்களா?" என்று அவளைப் பார்த்துச் சத்தமாகத் திருப்பிக் கேட்கிறான். இவனுக்கு இது ஒரு கெட்ட வழக்கம். யார் எது கேட்டாலும் கிளிப்பிள்ளைபோல அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. எனக்கு எரிச்சலாக வரும். சீத்துச் சீத்தா? எந்தச் சத்தம்? எல்லோருக்கும் கேட்கிற சத்தம் போலிருக்கிறது. ராசப்பனும் ஆமாம் என்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன், டேங்கின் அடியில் ஈரம் தெரிகிறது. "அது டேங்குல தண்ணி வடியற குழா. அது அப்படித்தான் சீத்தும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்கிறேன். சொல்லும்போதே முதுகில் வேர்க்கிறது. கேட்காத ஒரு சத்தத்துக்குப் பெயர் வைத்து, இடம் காட்டி, சம்பந்தமில்லை என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. "பெரிய சிலிண்டருங்க. சக்‌ஷன் வால்வு. நிறுத்துங்க, கழட்டிரலாம்."

நிறுத்தினதும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். இது ஒன்று மட்டும் நான் யாரையும் நம்பிச் செய்வதில்லை. டேங்குக் காற்றைத் திறந்துவிட்டு, பெரிய சிலிண்டரின் மூடிப் போல்ட்டுகளை யாகூப் தளர்த்த, நான் குனிந்து நிற்கிறேன். கை வேலை செய்யும்போது நல்லது, யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். பேசினாலும் குனிந்திருக்கிறவன் பதில் சொல்லாதது குற்றமில்லை. இந்த மாதிரி மறைவிடங்கள் எனக்கு நிறையத் தெரியும். செருப்பு வாரை மாட்டுவது. ஃபோனை எடுத்துப் பார்ப்பது. இருமுவது. "அட விடுங்க, அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பது, அது அநேகமாக எந்தக் கேள்விக்கும் பொருந்தும். பொருந்தாத நாளும் ஒன்று உண்டு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெருந்துறையிலிருந்து வந்திருந்தார்கள், மாப்பிள்ளையின் அப்பா மென்மையான மனிதர், சின்னக் குரல், அடர்ந்த மீசை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வழி எப்படி, சாப்பாடு எப்படி என்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு, நன்றாகச் சிரித்து, "ஆமாங்க, எல்லாம் நல்லபடியா ஆச்சுங்க, ரொம்பத் திருப்தி" என்றேன். கூடம் முழுக்க அப்படியே நின்றுவிட்டது. என் மனைவி ருக்குமணி முகம் கறுத்துப்போய்ச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அவர் கேட்டது, என் அம்மா தவறிவிட்டாராமே என்று. அந்தச் சம்பந்தம் கூடி வந்தது, மகள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த மனிதர் அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்பதேயில்லை, ருக்குமணியிடமே கேட்டுக்கொள்கிறார். அன்றைக்கு இரவு ருக்குமணி என்னைப் பிடித்து உலுக்கினாள். "காது கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்றதுல என்னங்க கேவலம்? பெத்தவ செத்ததுக்குச் சிரிச்சவன்னு பேரெடுக்கறதுக்கு அது தேவலைதானே?" தேவலை இல்லை. அவளுக்கு அது புரியாது. சிரித்தவன் என்றால் ஒரு மாதிரி ஆள் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். செவிடன் என்றால் அதோடு முடிந்தது. பேச்சு நம் தலைக்கு மேலே போகும். ஊரில் அந்தச் சொல்லுக்கு எத்தனை பழமொழி, சங்கு ஊதுவதிலிருந்து ஆரம்பித்து, அத்தனையும் சிரிப்பதற்காகச் செய்தவை.

வால்வு வெளியே வந்துவிட்டது. யாகூப் டீசலில் அலசித் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைக்கிறான். வட்டத் தகடு, வளையம் வளையமாக, தாமரை விதைக்காய்போல. வெளிச்சத்துக்குக் காட்டுகிறேன், விரலால் அழுத்திப் பார்க்கிறேன், வில் சுருள் எல்லாம் துள்ளுகிறது. பழுது ஒன்றுமில்லை. புதுப்பெண் மாதிரி இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு விரிசல் வந்துவிடும் என்பதுபோல. ராசப்பன் எட்டிப் பார்க்கிறார். "எப்படீங்க?" "கொஞ்சம் கரி புடிச்சிருக்குங்க" என்கிறேன். கரி எங்கே? ஒரு பொட்டு இல்லை. யாகூப் என்னைப் பார்க்கிறான், வால்வை வாங்கி, இல்லாத கரியை இன்னொரு தடவை துடைக்கிறான். அந்தத் துடைப்பு என் முகத்தில் விழுகிறது. இப்படித்தான் ஒருநாள் ஈரோட்டில் காது பார்க்கிற இடத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மூடி மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்க என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். முதலில் கேட்டது, அமுக்கினேன். பிறகு அமைதி. அமைதி என்றால் பயங்கரமான அமைதி, அது எவ்வளவு நேரம் நீண்டது என்றால், இந்நேரம் எத்தனையோ சத்தம் வந்து போயிருக்கும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அப்போது பார்த்தேன், அவள் தோள் லேசாக அசையும்போதுதான் சத்தம் வைக்கிறாள். தோள் அசைந்தால் அமுக்கினேன். தோள், அமுக்கு, தோள், அமுக்கு. அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வந்து நாற்காலியைத் திருப்பி என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டுப் போனாள். திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவனை இடம் மாற்றி உட்கார வைக்கிற மாதிரி. நான் என் காதை ஏமாற்றப் போனேனா, அவளையா? மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன்தான். காது மிஷின் மாட்டிக்கொண்டு ஒருத்தன் வால்வுக்குக் கம்பி வைத்துக் கேட்டால், அதைப் பார்த்து ஒரு மில்காரர் என்ன நினைப்பார்? கண்ணாடி போட்ட குறிசொல்லி மாதிரி இருக்காதா?

பெரிய சிலிண்டரை மூடியாயிற்று. ஃபியூஸைத் திரும்பச் சொருகி, ஓட்டச் சொல்கிறேன். அழுத்தமானி முள் பாதி வழியில் ஏறி அங்கேயே நடுங்குகிறது. எதுவும் மாறவில்லை, எப்படி மாறும், நல்லதைக் கழற்றி நல்லதையே திரும்பப் போட்டிருக்கிறோம். ராசப்பன் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வேறு பக்கம் பார்க்கிறார். மரியாதையான மனிதர். அந்த மரியாதைதான் குத்துகிறது. கம்பியைக் கீழே வைக்கிறேன். காது வேண்டாம். கை இருக்கிறது. புறங்கையை ஒவ்வொரு மூடிக்கும் மேலே, தொடாமல், காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொண்டுபோகிறேன். வெளிக்காற்றை இழுக்கிற சக்‌ஷன் வால்வு மூடி ஜில்லென்றில்லாவிட்டாலும் கைதாங்குகிற சூட்டில்தான் இருக்கும், பெரிய சிலிண்டரில் அப்படித்தான் இருக்கிறது. பெரிய சிலிண்டர் ஒருமுறை அழுத்திய காற்றை, நடுவில் இருக்கிற குழாய்க்கூட்டில் ஆறவிட்டு, சின்னச் சிலிண்டர் உள்ளே இழுத்து இன்னும் அழுத்தும். சின்னதின் சக்‌ஷன் மூடிப் பக்கம் கை போகும்போதே தெரிந்துவிட்டது, அடுப்பு வாய். உள்ளே இழுத்த காற்று வெளியே போகாமல் வந்த வழியே திரும்பிப் போகிறது, போய் மறுபடி வருகிறது, அதே காற்று போவதும் வருவதுமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளும்போது மணிக்கட்டில் ஏதோ பட்டது. ஊசியாக ஒரு காற்று. குழாய்க்கூட்டின் மேலிருக்கிற சேஃப்டி வால்வு. திரும்பி வந்த காற்று அங்கே நெருக்கி, தாங்க மாட்டாமல் அந்த வால்வைத் தூக்கிக்கொண்டு பீறிட்டுக்கொண்டிருக்கிறது. சீத்துச் சீத்து. இதுதான் அது. அவள் கேட்டது இதைத்தான். நான் வருவதற்கு முன்னாலிருந்தே இது கத்திக்கொண்டிருக்கிறது, மில்லில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, எந்த இடத்தில் நோவு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. நான் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"சின்னதுங்க" என்கிறேன், யார் முகத்தையும் பார்க்காமல். "பெருசுல கரி, சின்னதுல தகடு, ரெண்டும் சேந்துருக்குங்க." இன்னொரு பொய், முதல் பொய்க்கு முட்டுக் கொடுக்க. "நிறுத்துங்க பூங்கோதை. நிறுத்திட்டு அங்கயே நில்லுங்க, நாஞ் சொல்றப்பப் போட்டாப் போதும்." அவள் நிறுத்துகிறாள். காற்றை இறக்குகிறோம். சீக்கிரம், சீக்கிரம் என்று எனக்குள் ஒருவன் தள்ளுகிறான். இதைச் சரிசெய்து, முள்ளை ஏற்றிக் காட்டி, கையைக் கழுவிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட வேண்டும். பூங்கோதை யாரிடமாவது, நான் அப்பவே சொன்னேனே அந்தச் சத்தம் என்று சொல்லுமுன் போய்விட வேண்டும். யாகூப் போல்ட்டைக் கழற்றுகிறான், சூடு ஆறுமுன்னமே நான் மூடியைத் தூக்குகிறேன், விரல் வேகிறது, வேகட்டும். வால்வு வந்தது. தகட்டின் ஓரத்தில் பிறை நிலா அளவுக்கு ஒரு துண்டு காணோம். உடைந்து இருக்கையின் வாயில் குறுக்கே சிக்கியிருக்கிறது. குறட்டால் பிடுங்கி ராசப்பனிடம் காட்டுகிறேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! சென்னியப்பன் காதுக்குத் தப்புமா? கேட்டே புடிச்சுட்டீங்க பாருங்க" என்று முதுகில் தட்டுகிறார். தட்டின இடத்தில் தோல் சுருங்குகிறது. யாகூப் குனிந்து புது வால்வுக்குக் கேஸ்கெட் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறான், நிமிரவில்லை. நான் சிரிக்கிறேன். ஆமாம் என்று தலை ஆடுகிறது.

புது வால்வை உட்கார வைத்து மூடியாயிற்று. பொடித்துண்டு ஏதாவது சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் ஓட்டினவுடன் பிஸ்டனை இடித்துவிடும், அதனால் முதலில் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். யாகூப் பெல்ட்டை மறைக்கிற கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, துணி சுற்றின கையால் ஃபிளைவீலைப் பிடித்து மெல்ல உருட்டுகிறான். "உள்ள எங்கயாச்சும் தட்டுதானு பாருங்ணா" என்கிறான், என் முகத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டுப் போய் உருட்டுகிறான். கம்பியை எடுத்து, கொஞ்சமாவது கேட்கிற வலது காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறேன். இந்தத் தடவை மூடினது வேடத்துக்கு இல்லை. உண்மையாகவே கேட்க ஆசைப்பட்டேன். மெஷின் நின்றிருக்கிறது, அவன் மெல்ல உருட்டுகிறான், இப்போதாவது ஒரு டிக், புது வால்வின் டிக், ஒன்றே ஒன்று. கம்பிக்குள் போய்விடலாம்போல அழுத்திக்கொள்கிறேன். அப்போது இடது பக்கம் ஒரு குரல். கண்ணைத் திறந்தேன். பூங்கோதை. அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் டீக்கடையிலிருந்து வந்த தூக்குப்போசி, கவிழ்த்து வைத்த டம்ளர்கள். வாய் அசைந்தது, கடைசித் துண்டு மட்டும் வந்தது, "...ட்டுங்களா?" ஊத்தட்டுங்களா. டீ ஊத்தட்டுங்களா. நல்ல பெண், நான் அவளை அப்படி மழுப்பினதற்கு அப்புறமும் டீ கேட்கிறாள் என்று ஒரு இளக்கம் வந்தது. சிரித்தேன். தலையை நன்றாக ஆட்டினேன், ஆமாம், ஆமாம். கையைக்கூட உயர்த்தினேன். மறுபடி கண்ணை மூடினேன்.

ஃபியூஸ் என் பையில் இல்லை, அவசரத்தில் இரண்டாம் தடவை அதைப் பிடுங்கவேயில்லை என்பது எனக்கு எப்போது நினைவு வந்தது? கம்பி காதில் துள்ளினபோதா, அதற்கும் முன்பா? யாகூப் கத்தினது எனக்குக் கேட்டது. அதைக் கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம், தடிமனான சத்தம், என் காதில் இன்னும் மிச்சமிருக்கிற பக்கத்துக்கு நேராக வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் பெல்ட்டோடு துணி சுற்றிக்கொண்டு போகிறது, அவன் பின்னால் சாய்ந்து சுவரில் மோதி, வலது கையை இடுப்போடு அணைத்துக்கொண்டு உட்காருகிறான். பூங்கோதை சிவப்புப் பொத்தானை அறைந்துவிட்டு ஓடி வருகிறாள். ஃபிளைவீல் இன்னும் இரண்டொரு சுற்றுச் சுற்றி, அலுத்துப்போய் நிற்கிறது. விரல்கள் இருக்கின்றனவா? கையைப் பிரிக்க விட மாட்டேன் என்கிறான், நான் பிரிக்கிறேன். இருக்கின்றன. துணி கழன்று போனதால் இருக்கின்றன. நடுவிரல் நகம் இல்லை, பக்கத்து விரல் நுனியில் தோல் உரிந்து தொங்குகிறது, ரத்தம் டீசல் கறையில் கலந்து கறுப்பாக வடிகிறது. ஒரு நொடி. துணியை அவன் இன்னும் ஒரு மடிப்பு இறுக்கமாகச் சுற்றியிருந்தால் கை கப்பிக்குள் போயிருக்கும். வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் நான் போய் என்ன சொல்லியிருப்பேன், தலையாட்டினேன் என்றா?

தலைத்துண்டை அவிழ்த்து பூங்கோதை அவன் விரல்களில் சுற்றுகிறாள். ராசப்பன் ஓடி வந்து விஷயத்தைப் பார்த்ததும் அவள் மேல் பாய்கிறார். அவர் உதட்டில் ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது. "உன்ன யாரு போடச் சொன்னது? ஆள் கைய உள்ள வெச்சுட்டு நிக்கறது கண்ணுக்குத் தெரியல?" அவள் என் பக்கம் கையைக் காட்டுகிறாள். "ஏனுங், நான் போடட்டுங்களானு கேட்டனுங்க, அண்ணந்தானுங்க ஆமான்னு தலையாட்டுனாரு. கையக்கூடத் தூக்கிக் காட்டுனாரு." "அவரா? இத்தன வருசம் மெஷின்லயே கெடக்கறவரு, ஆள் கைய வெச்சிருக்கறப்பப் போடச் சொல்லுவாரா? செஞ்சதையும் செஞ்சுட்டு அடுத்தவங்க மேல சொல்லாத." அவள் என்னைப் பார்க்கிறாள். கண்ணில் நீர் முட்டி நிற்கிறது, தவிட்டுத் தூளில் ஒரு கோடு இறங்குகிறது. நீங்கதானே, என்று அந்தக் கண் கேட்கிறது. அதைக் கேட்கக் காது வேண்டியதில்லை. நான் வாயைத் திறக்குமுன் யாகூப் முந்திக்கொண்டான். "அக்கா மேல ஒண்ணும் இல்லீங்க. நான்தானுங்க போடலாம்னு சொன்னேன். கைய எடுத்துட்டேன்னு நெனச்சுட்டனுங்க." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான், என்னைப் பார்க்காமல். என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு அவன் படுகிற பாட்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடிந்து இறங்கியது. இவனுக்குத் தெரியும். நெடுநாளாகவே தெரியும். என்னங்கக்கா இப்படியா கேக்கறீங்க, என்னங்க முதலாளி அப்படியா சொல்றீங்க என்று போகிற இடமெல்லாம் அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்காக? நடக்கும்போது எப்போதும் என் வலது பக்கமே வந்தது எதற்காக? நான் எரிந்து விழுந்திருக்கிறேன், கிளிப்பிள்ளை என்று ஆட்கள் முன்னால் கேலி செய்திருக்கிறேன், அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைத் திருப்பிச் சொன்னான். நான் மறைத்துவைத்ததாக நினைத்த ஒன்றை அவன் எனக்காக மறைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவன் ஃபிளைவீல் பக்கம் இருந்ததால் திருப்பிச் சொல்ல ஆளில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ராசப்பன் யாகூப் பக்கம் திரும்பி, "நீயும் இத்தன நாள் வேல பாத்து..." என்று ஆரம்பிக்கிறார். அவனைத் திட்டி முடித்தால் இது தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மெஷினை ஓட்டிக் காட்டி, டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். என் காது காங்கேயம் முழுக்க அப்படியே இருக்கும். "அவனுமில்லீங்க, அந்தப் புள்ளயுமில்லீங்க" என்கிறேன். "எனக்குக் காது கேக்கறதில்லீங்க." சொல்லிவிட்டேன். காலுக்குக் கீழே தரை அப்படியே இருக்கிறது. ராசப்பன் என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிக் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவிக்கிறார். "என்னங்க?" பாலிஷ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் முனகியிருக்கிறேன். இவ்வளவு காலம் அடக்கின ஒன்றை முனகலாகச் சொல்லி முடித்துவிடப் பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவைக்குத்தான் தைரியம் சேர்த்து வைத்திருந்தேன், இரண்டாவதுக்கு எங்கே போவது? சாக்குத் தைக்கிற பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். யாகூப் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைக்கிறான். மூச்சை இழுத்து, மில் கூரையில் மோதும்படி கத்துகிறேன். "எனக்குக் காது கேக்காதுங்க! அந்தப் புள்ள போடட்டுமானு கேட்டுது, எனக்குக் கேக்கல, டீ கேக்குதுன்னு நெனச்சுத் தலையாட்டிட்டேன்! அந்தச் சீத்துச் சத்தமும் எனக்குக் கேக்கல! கேட்ட மாதிரி நடிச்சேன்!" கடைசிச் சொல்லில் குரல் பிசிறிவிட்டது. அவமானம் என்பது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. கன்னம், கழுத்து, காது மடல் எல்லாம் காய்கிறது. பூங்கோதை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். சாக்குத் தைக்கிற பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள், என்னவென்று தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை.

ராசப்பன் என்னை விட்டுவிட்டு யாகூப் பக்கம் திரும்பினார். முதுகு தெரிகிறது, கழுத்து அசைகிறது, பேசுகிறார். யாகூப் முகம் என் பக்கம் இருப்பதால் கேள்வி என்னவென்று அவன் முகத்திலேயே படித்துக்கொள்கிறேன். இவருக்கு எத்தன நாளா இப்படி. ஒண்ணுமே கேக்காதா. நான் இங்கே நிற்கும்போதே, என்னைப் பற்றி, என் தலைக்கு மேலே. இது வரும் என்று எனக்குத் தெரியும். இதற்குப் பயந்துதான் இத்தனையும். வந்துவிட்டது. யாகூப் பதில் சொல்ல வாயெடுக்கிறான். நான் இரண்டடி வைத்து ராசப்பனின் தோளைத் தொடுகிறேன், அவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். "எங்கிட்டயே கேளுங்க" என்கிறேன். "மூஞ்சிக்கு நேரா நின்னு, கொஞ்சம் மெதுவாக் கேளுங்க. போற வழியில கேளுங்க, மொதல்ல வண்டிய எடுங்க, இவனுக்குத் தையல் போடணும்." அவர் சாவிக்குப் பையைத் தடவிக்கொண்டே, ஒரு கணம் தயங்கி, என் முகத்துக்கு நேராக வந்து நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வாயை அகலமாகத் திறந்து, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க?" என்று கேட்கிறார். அவ்வளவு அகலம் தேவையில்லை, கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுசாக வந்து சேர்ந்தது. தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து பதில் சொல்கிறேன்.